கைகாட்டியும் பச்சைக் கொடியும்

"மூன்று ஊசி போட்டார்களாம். மூன்றும் வீணாம். அவனவன் தலையெழுத்து! ஊசி என்ன செய்யும், டாக்டர்தான் என்ன செய்வார்?"

சென்ற ஞாயிறு மாலை முடிச்சூரிலே, படிப்பகத்துத் திண்ணையில் அமர்ந்து பெரியவர் ஒருவர் இப்படித் தீர்ப்பளித்தார். வழக்கு என்ன என்று கேட்பீர்கள். அவருடைய உறவினர் ஒருவர் மருத்துவமனையிலே துப்புரவுப் பணி செய்பவர். கல்லீரலைக் கெடுக்கும் பி வகை மஞ்சள் காமாலை வராதிருக்க முறைப்படி மூன்று தடவை ஊசி போட்டுக்கொண்டார். பிறகு இரத்தத்தைச் சோதித்தார்கள். இருக்கவேண்டிய எதிர்ப்பொருள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதே நாளில், அதே மருந்தைப் போட்டுக்கொண்ட மற்றப் பணியாளர்களுக்கு உண்டாயிற்று. இவருக்கு மட்டும் உண்டாகவில்லை. ஆகவே விதி! ஆகவே தலையெழுத்து! ஆகவே சனியின் பார்வை!

தலையெழுத்து — எவ்வளவு வசதியான சொல், தோழர்களே! ஆராய வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை, மறுபடியும் முயல வேண்டியதில்லை. எழுதியவன் யார் என்று கேட்டால் மேலே கையைக் காட்டிவிட்டுக் கீழே துண்டை உதறிவிட்டு எழுந்து போகலாம். பெரியவரும் அப்படித்தான் எழுந்து போனார்.

கூட்டம் கலைந்ததும் ரயில்வேயில் வேலை பார்க்கும் இளந்தோழர் ஒருவர் பேருந்து நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தார். கொஞ்ச தூரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அண்ணே, எல்லார் எதிரிலேயும் கேட்க முடியலே. எங்க தெருவிலே ஒரு குடும்பம். மாசா மாசம் சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வர்றாங்க. அந்த ஸ்டேஷன்லே இறங்கினதை யாரோ பார்த்துட்டாங்க. எயிட்ஸுன்னு பேச்சு. வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள்ளே காலி பண்ணச் சொல்லிட்டார். இதுவும் தலையெழுத்துதானா, அண்ணே?"

சானடோரியம் நிலையத்திலே இறங்கினாராம், ஆகவே நோயாளியாம்! மெப்ஸ் தொழிற்கூடங்களுக்கு நாள்தோறும் போகிற ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் அங்கேதானே இறங்குகிறார்கள்! சித்த மருத்துவ நிலையத்துக்குப் போகிறவர்களும் அங்கேதானே இறங்குகிறார்கள்! உளவு பார்த்தவர் எதற்காக இறங்கினார் என்று யாரும் கேட்கவில்லை போலும்.

அது கிடக்கட்டும். பெரியவர் சொன்னதும் இளைஞர் கேட்டதும் வேறு வேறு செய்திகளாகத் தோன்றும். அல்ல. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. உடலுக்குள்ளே ஓர் உயிரணு இன்னோர் உயிரணுவுக்குச் சொல்லியனுப்புகிறதே செய்தி, அதிலே இருக்கிறது. அந்தச் செய்தியைச் சுமந்து செல்பவை சில புரதங்கள். அவை போய்ச் சேர்ந்தால் எதிர்ப்பொருள் உண்டாகும், சேராவிட்டால் உண்டாகாது. பிரம்மனுக்கு இதிலே வேலை இல்லை.

அம்மை கண்டால் அம்மன் வந்தாள் என்று வேப்பிலை செருகி வாசலை அடைத்த நாடு இது. கிண்டியிலே 1899-ல் நிறுவப்பட்ட கிங் நிலையம் அம்மைப் பால் தயாரித்துத் தந்தது. ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கையிலே கீறினார்கள். 1975-க்குப் பிறகு இந்த நாட்டிலே பெரியம்மை இல்லை. அம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஆடித் திங்களிலே கூழ் ஊற்றுகிறார்கள். அம்மைதான் வரக் காணோம்! கையிலே கீறிய அந்தச் சிறு கீறல் உடம்பிலே என்ன செய்தது? எதிர்ப்பொருளை உண்டாக்கியது. எப்படி உண்டாக்கியது என்பதுதான் இனி நான் சொல்லப் போவது.

எதிர்ப்பொருள் என்பது ஒரு புரதம். உருவம் கவட்டைக் கொம்பு போன்றது. பிரிந்து நிற்கும் இரு நுனிகளும் கிருமியைப் பற்றிக்கொள்ளும்; அடிக்காம்பு மற்றக் காவலரை "இங்கே வா" என்று அழைக்கும். இதைச் செய்து தருவது வெள்ளணுக்களிலே ஒரு வகை. பி-அணு என்று பெயர். எலும்பு மஜ்ஜையிலே பிறக்கிறது. கோடிக்கணக்கான பி-அணுக்கள் நம் உடம்பிலே திரிகின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வொரு வகைக் கவட்டை. ஒன்றுக்குப் பொருந்தும் கிருமி மற்றொன்றுக்குப் பொருந்தாது. பொருந்தும் கிருமி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பலவற்றுக்கு வாழ்நாள் முழுதும் அந்த வாய்ப்பே வருவதில்லை.

கிருமி வந்து பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே எதிர்ப்பொருள் பெருகிவிடுமா? பெருகாது!

தாம்பரம் யார்டிலே வேலை பார்க்கும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931-லேயே மின்சார வண்டி ஓடியது. வண்டி எப்படிப் புறப்படும்? அன்று கைகாட்டி மரம். இன்று நிற விளக்கு. கைகாட்டி இறங்கிவிட்டது என்பதற்காக டிரைவர் வண்டியை நகர்த்திவிடுவாரா? மாட்டார். பின் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக் கொடி காட்ட வேண்டும். மணியாவது அடிக்க வேண்டும். இரண்டும் கிடைத்தால்தான் சக்கரம் உருளும். ஒன்று மட்டும் கிடைத்தால் வண்டி நிற்கும், ஏறியவர்கள் முணுமுணுப்பார்கள்.

பி-அணுவும் அப்படித்தான். கிருமி வந்து கவட்டையைத் தொடுகிறதே, அது கைகாட்டி. முதல் செய்தி. ஆனால் தொட்டது அணுவின் வெளிப்புறத்தில். வேலை நடக்க வேண்டியதோ உள்ளே, நடுக்கருவில். கட்டட வேலையிலே செங்கல்லைக் கைக்குக் கை மாற்றி மேல்தளத்துக்கு ஏற்றுகிறோமே, அதுபோல, அணுவுக்குள்ளே புரதங்கள் வரிசையாக நின்று செய்தியைக் கைமாற்றுகின்றன. ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் பாஸ்பேட் என்னும் சிறு துண்டை முத்திரைபோல் ஒட்டும். முத்திரை பெற்றது விழித்துக்கொண்டு அதற்கடுத்ததை எழுப்பும். வரிசையிலே ஒருவர் கை இல்லாவிட்டால் என்ன ஆகும்? கல் கீழேயே கிடக்கும்.

இது கற்பனை அல்ல. 1952-ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்துறை மருத்துவர் ஆக்டன் புரூட்டன் என்பாரிடம் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். திரும்பத் திரும்ப நிமோனியா. திரும்பத் திரும்ப இரத்தத்திலே நஞ்சேற்றம். நம் ஊராக இருந்தால் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்பார்கள். அவர் அவனுடைய இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தார். எதிர்ப்பொருள்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது! பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை மாதந்தோறும் ஊசியாகச் செலுத்தினார், சிறுவன் தேறினான். ஏன் வெறுமை என்பது 41 ஆண்டுகள் கழித்து 1993-ல் தெரிந்தது. செங்கல் கைமாற்றும் அந்த வரிசையிலே ஒரு புரதம் பழுது. அதற்கு அவர் பெயரையே வைத்துப் புரூட்டன் கைனேஸ் என்று அழைக்கிறார்கள். அந்த ஒரு கை இல்லாததால் பி-அணுக்கள் பருவமடையவே இல்லை. எழுத்தல்ல, தோழர்களே! ஒரே ஒரு புரதம்!

இனிப் பச்சைக் கொடிக்கு வருவோம். அதைக் காட்டுவது யார்?

1966-லே அமெரிக்காவிலே கிளாமன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கதிர்வீச்சால் வெள்ளணுக்களை இழந்த எலிகள். சிலவற்றுக்கு எலும்பு மஜ்ஜை அணுக்களை மட்டும் கொடுத்தார்கள். எதிர்ப்பொருள் மிகக் குறைவு. சிலவற்றுக்கு நெஞ்செலும்புக்குப் பின்னே இருக்கும் தைமஸ் சுரப்பியின் அணுக்களை மட்டும் கொடுத்தார்கள், அப்போதும் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கணக்குக்கு அடங்காமல் பெருகிற்று! இரண்டு ஆண்டு கழித்து 1968-ல் ஆஸ்திரேலியாவிலே மில்லரும் மிட்செலும் இன்னும் தெளிவாக்கினார்கள்: எதிர்ப்பொருளைச் செய்வது மஜ்ஜையிலிருந்து வந்த அணு, செய்யச் சொல்வது தைமஸிலிருந்து வந்த அணு. செய்யச் சொல்லும் அந்த அணுவுக்கு உதவி டி-அணு என்று பெயர் வைத்தார்கள். கொடி அதன் கையில்!

இரண்டும் சந்திக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காலிலே புண் வந்தால் தொடையிடுக்கிலே நெறி கட்டிக்கொள்கிறதே — அங்கேதான். அந்த வீக்கம் ஒரு மாநாட்டுப் பந்தல். பி-அணு தான் பிடித்த கிருமியை விழுங்கி, துண்டு துண்டாக்கி, ஒரு துண்டை வெளியே தூக்கிக் காட்டுகிறது: "இதோ பார், நான் பிடித்த திருடனின் சட்டைத் துண்டு." உதவி அணு அதைப் பார்க்கிறது. அடையாளம் தெரிந்தால் கையை நீட்டுகிறது. அந்தக் கைக்கு சி.டி.40 லைகண்ட் என்று பெயர். பி-அணு நீட்டும் கைக்கு சி.டி.40 என்று பெயர். பெயர் வைக்க நேரமில்லாமல் எண் போட்டுவிட்டார்கள், வண்டிக்கு எண் போடுவதுபோல! இரண்டு கையும் கோத்தவுடன் உதவி அணு சில புரதங்களைச் சுரந்து பி-அணுவின்மேல் பொழிகிறது. இண்டர்லூக்கின் 4, இண்டர்லூக்கின் 21 முதலியன. இவையே ஆணைத் தாள்கள்.

என்ன ஆணை? பெருகு என்று ஓர் ஆணை. ஒன்று ஆயிரமாகிறது. திருந்து என்று ஓர் ஆணை. பெருகும்போது கவட்டையின் வடிவத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கிறது பி-அணு. முன்னிலும் இறுகப் பிடிக்கும் வடிவத்துக்கு மறுபடி கொடி கிடைக்கும். பிடி தளர்ந்ததற்குக் கிடைக்காது, அது அங்கேயே மடியும். எவன் மகன், எந்தக் குலம் என்று அங்கே கேட்பதில்லை. வேலை தெரிகிறதா என்பதே கேள்வி. மாறு என்று ஓர் ஆணை. முதலில் வரும் எதிர்ப்பொருள் எம் வகை. பருத்தது, அவசரத்துக்கு உதவுவது. ஆணை வந்தபின் ஜி வகைக்கு மாறுகிறது. அது நெடுநாள் நிற்கும், கருவிலிருக்கும் குழந்தைக்கும் தாயிடமிருந்து போய்ச் சேரும். டி.ஜி.எஃப். பீட்டா என்னும் புரதம் ஆணையிட்டால் ஏ வகை. அது குடலைக் காக்கும், தாய்ப்பாலிலே வரும். இண்டர்லூக்கின் 4 அளவு மீறி ஆணையிட்டால் ஈ வகை பெருகும். சிலருக்குத் தூசி பட்டதும் தும்மலும் இளைப்பும் வருவது அதனாலேயே. எதிர்ப்பொருளைப் பொழியும் ஆலையாக முற்றிலும் மாறிவிடு என்பது கடைசி ஆணை. அதிலே பங்கு கொள்ளும் இண்டர்லூக்கின் 6 என்னும் புரதத்தை 1986-ல் ஜப்பானின் ஒசாகாவிலே கிஷிமோட்டோ குழுவினர் பிரித்துக் காட்டினார்கள். அப்படி மாறிய அணு ஒன்று நொடிக்கு ஆயிரக்கணக்கான எதிர்ப்பொருள்களைப் பொழியும்.

ஆணை குறைந்தால் மட்டுமா கேடு? மிகுந்தாலும் கேடு. 'பாஃப்' என்றொரு புரதம் பி-அணுக்கள் உயிர்வாழ உதவுவது. அது மிகும்போது, மடிந்துபோக வேண்டிய முரட்டு அணுக்களும் பிழைத்துக்கொண்டு சொந்த உடலையே தாக்கத் துணிகின்றன. லூபஸ் என்னும் நோயிலே இதைக் காண்கிறார்கள். அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டும் மருந்து 2011-ல் ஒப்புதல் பெற்றது.

1993-லே இன்னொன்றும் தெரிந்தது. சில ஆண் குழந்தைகளுக்கு எம் வகை மட்டும் ஏராளம். ஜி வகை இல்லை, ஏ வகை இல்லை. ஓயாத நோய். பி-அணுவிலே குறையா என்று தேடினார்கள், இல்லை. உதவி அணுவின் அந்தக் கை, சி.டி.40 லைகண்ட், அதுதான் பழுது. வண்டி பழுதில்லை, டிரைவர் பழுதில்லை, கொடி காட்டும் கை இல்லை!

முடிச்சூர் மக்களுக்கு 2015 டிசம்பர் மறந்திருக்காது. அடையாறு புரண்டு வந்து தெருவிலே படகு போன நாட்கள். தண்ணீருக்குள்ளே தகரமும் ஆணியும் கிழித்த கால்களோடு வந்தவர்களுக்கு ரணஜன்னி ஊசி போட்டார்கள். முன்பே முறையாக அந்த ஊசி போட்டிருந்தவர்கள் உடம்பிலே எதிர்ப்பொருள் சில நாட்களில் மளமளவென்று ஏறும். முன்பு போடாதவர்களுக்கு மெல்லத்தான் ஏறும். ஏன்? அன்று நெறிக்குள்ளே நடந்த மாநாட்டிலே பி-அணுக்களில் சில, ஆலையாக மாறாமல், நினைவணுவாகத் தங்கிவிட்டன. பத்தாண்டு கழித்தும் பழைய திருடனை அடையாளம் சொல்லும். அந்த நினைவையும் உதவி அணுவின் கொடிதான் தந்தது.

அறிவியல் இந்த இரகசியத்தைத் தெரிந்துகொண்டதோடு நிற்கவில்லை; பயன்படுத்தவும் செய்தது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தரும் ஹிப் என்ற கிருமிக்குச் சர்க்கரைப் போர்வை. உதவி அணுவோ புரதத் துண்டை மட்டுமே பார்த்து அடையாளம் காணும். சர்க்கரையைக் காட்டினால் கண்டுகொள்ளாது. ஆகவே அந்தச் சர்க்கரையை மட்டும் ஊசியாகப் போட்டால் கைக்குழந்தையின் உடம்பு அசையாது. என்ன செய்தார்கள்? சர்க்கரையோடு ஒரு புரதத்தை ஒட்டவைத்தார்கள். பி-அணு இரண்டையும் சேர்த்து விழுங்கும். புரதத் துண்டைத் தூக்கிக் காட்டும். உதவி அணு கொடி காட்டும். பி-அணு சர்க்கரைக்கு எதிராகப் படை திரட்டும்! கூட்டணி என்றால் இது கூட்டணி. இந்த மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்தியாவிலே முதலில் 2011 டிசம்பரில் ஏற்றுப் போடத் தொடங்கிய மாநிலங்கள் இரண்டு: தமிழ்நாடு, கேரளம். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் போட்டிருப்பார்கள். அட்டையை எடுத்துப் பாருங்கள்.

இப்போது பெரியவருக்கு விடை சொல்லலாம். நல்ல உடல்நலம் உள்ளவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அந்தக் காமாலை ஊசி முதல் சுற்றிலே பலிப்பதில்லை. வயது ஏறியிருக்கலாம், உடல் பருத்திருக்கலாம், புகைப்பழக்கம் இருக்கலாம். கிருமித் துண்டைத் தூக்கிக் காட்டும் தட்டு சிலருக்கு அந்தத் துண்டுக்குப் பொருந்தாமல் அமைந்திருக்கலாம். பார்க்காததற்கு உதவி அணு எப்படிக் கொடி காட்டும்? மருத்துவர்கள் என்ன செய்யச் சொல்கிறார்கள்? இன்னொரு சுற்று மூன்று ஊசி போட்டுவிட்டு மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். பலருக்கு இரண்டாம் சுற்றிலே உண்டாகிவிடுகிறது. ஐயா, உங்கள் உறவினரை ஜோதிடரிடம் அனுப்பாதீர்கள்; மறுபடி ஊசி போடுமிடத்துக்கு அனுப்புங்கள்.

இளந்தோழருடைய கேள்வி பாக்கி இருக்கிறது.

1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி நிர்மலாவிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். எயிட்ஸ் மேனாட்டாரின் நோய், நம் புண்ணிய பூமிக்கு வராது என்று பேசிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழிலில் தள்ளப்பட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்த மாதிரி திரட்டினார் நிர்மலா. சோதிக்க வசதி சென்னையில் இல்லை. இரவு ரயிலேறி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் அடையாளம் தெரிந்தது. இந்தியாவிலே எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் காட்டியது சென்னையிலிருந்து போன அந்த இரத்தம்.

அந்தச் சோதனை எதைத் தேடியது தெரியுமா? கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் செய்த எதிர்ப்பொருளை! அப்படியானால் கேட்கத் தோன்றும்: எதிர்ப்பொருள்தான் உண்டாகிவிட்டதே, பின் ஏன் காப்பாற்றவில்லை?

கொடுமை அங்கேதான். இந்தக் கிருமி தன் மேற்சட்டையை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. நேற்றைய சட்டைக்குத் தைத்த விலங்கு இன்று பொருந்துவதில்லை. அதோடு விடவில்லை. உதவி டி-அணுவின்மேல் சி.டி.4 என்றொரு கொக்கி உண்டு. கிருமி சரியாக அந்தக் கொக்கியைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது. படையை எதிர்க்கவில்லை, ஆணை தருபவனைக் கொல்கிறது! கார்டைப் பெட்டியிலிருந்து தள்ளிவிட்டால் பாதையிலே எத்தனை விளக்கு பச்சையாக எரிந்து என்ன பயன்?

நலமாக இருப்பவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்திலே இந்த உதவி அணுக்கள் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் எயிட்ஸ் என்கிறார்கள். இன்னொரு வேடிக்கை சொல்கிறேன்; வேடிக்கையல்ல, வேதனை. மருந்து உண்ணாத நோயாளியின் இரத்தத்திலே எதிர்ப்பொருள் மொத்தத்தில் குறைவதற்கு மாறாக மிகுந்தே காணப்படும். பி-அணுக்கள் நெறியின்றித் தூண்டப்பட்டுக் கண்டபடி பொழிகின்றன. ஆனால் வந்த கிருமிக்கு வேண்டியது அதிலே இல்லை. தலைமை இழந்த ஊர்வலம்போல முழக்கம் மிகுதி. போகும் திசை தெரியாது. இவர்களுக்குத் தடுப்பூசி அரைகுறையாகப் பலிப்பதும் இதனாலேயே. ஊசி பலிக்காதவருக்கெல்லாம் இந்த நோய் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மேலே சொன்னேனே, நலமுள்ளவர்க்கும் பலிக்காததுண்டு.

காசநோய் இவர்களை விரைந்து பற்றுவதும் அதே கணக்குத்தான். நுரையீரலிலே காசக் கிருமியை விழுங்கி அடக்கும் அணுக்களுக்கு இண்டர்ஃபெரான் காமா என்னும் ஆணைப் புரதத்தை அனுப்புவதும் இதே உதவி அணுக்கள். அனுப்புவோர் செத்தால் அடங்கிக் கிடந்த காசம் எழும். ஆகையால்தான் காசநோய்க்கென்று கட்டிய தாம்பரம் சானடோரியம் இந்நோயாளிகளுக்கும் புகலிடமாயிற்று.

அந்த மருத்துவமனையின் வரலாறு பெருமைக்குரியது. 1928-ல் அதை நிறுவியவர் டாக்டர் சவுரி முத்து என்ற தமிழர். இங்கிலாந்திலே காசநோய் மருத்துவமனை நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் நோயுற்றபோது சில காலம் அவரிடந்தான் இருந்தார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற இடங்களில் தொட அஞ்சியபோது அங்கே தொட்டுப் பார்த்தார்கள். ஆயினும் தொடக்கத்திலே கொடுக்க மருந்து ஏது? வாங்க முடிந்தவர் வாங்கினார், முடியாதவர் மடிந்தார். 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசமாக மருந்து தரத் தொடங்கியது. நாடு முழுவதிலும் முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் ஒன்று. அப்போது உதவி அணு 200-க்குக் கீழே இறங்கியவர்க்கே பெரும்பாலும் மருந்து. 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும், நோய் தெரிந்தவுடனே மருந்து.

அந்த மாத்திரை என்ன செய்கிறது? கிருமி பெருகாமல் தடுக்கிறது. கொலை நின்றதும் உதவி அணுக்கள் மெல்ல மெல்ல எண்ணிக்கையில் ஏறுகின்றன. கை திரும்புகிறது, கொடி திரும்புகிறது, ஆணை திரும்புகிறது. ஒழுங்காக உண்டுவந்தால், இரத்தத்திலே கிருமியைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாகக்கூட அடுத்தவருக்குத் தொற்றாது. ஆனால் நாள் தவறாமல் உண்ண வேண்டும். நிறுத்தினால் கிருமி மறுபடி எழும்.

இங்கேதான், தோழர்களே, அந்த வாடகை வீடு வருகிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவன் எங்கே போவான்? தாம்பரத்தை விட்டுத் தொலைவிலே, எவருக்கும் முகம் தெரியாத இடத்துக்குப் போவான். மாதாமாதம் வந்து மாத்திரை வாங்குவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாகும். சானடோரியம் நிலையத்திலே இறங்க அஞ்சுவான். ஒரு நாள் மாத்திரை தீர்ந்து போகும். மருந்து எழுப்பி நிறுத்திய கார்டை மறுபடி பெட்டியிலிருந்து தள்ளுவது கிருமியா, வீட்டுக்காரரா?

ஒரே குழாயிலே தண்ணீர் பிடிப்பதால் வராது. ஒரே படிக்கட்டிலே ஏறுவதால் வராது. கொசு கடித்து வராது. பக்கத்து அறையிலே குடியிருப்பதால் வராது. தீட்டு என்ற சொல்லை ஊரைவிட்டு ஓட்டுவதற்காக மேடை ஏறியவர்கள் நாம். அதே தீட்டை ஆஸ்பத்திரிச் சீட்டிலே எழுதி நம் தெருவுக்குள்ளே கொண்டுவருவதா? சட்டமும் இருக்கிறது. 2017-ல் நாடாளுமன்றத்திலே நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், இந்நோயைக் காரணம் காட்டி ஒருவருக்கு வாடகை வீடு மறுப்பதையும் காலி செய்யச் சொல்வதையும் தடை செய்கிறது.

இதையெல்லாம் இளந்தோழரிடம் சொல்லிவிட்டு, "வீட்டுக்காரர் யார்?" என்று கேட்டேன். பெயரைக் கேட்டதும் எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. நம்மவர்! கொடியேற்று விழா என்றால் முதல் நாளே கயிறு கட்ட வந்து நிற்பவர். மறுநாள் காலை இருவரும் போய்ப் பார்த்தோம். கெட்ட மனிதரல்லர். "நான் என்னங்க பண்றது? மேல் வீட்டிலே குடியிருக்கிற ரெண்டு குடும்பமும் போயிடுவோம்னு சொல்றாங்க. வீட்டுக் கடன் இருக்குங்க" என்றார். சட்டத்தைச் சொன்னேன், முகம் சுண்டியது. பச்சைக் கொடிக் கதையைச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

மாதக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் படிப்பகத்திலே ஒரு மருத்துவத் தோழர் இந்நோயைப் பற்றிப் பேச இசைந்திருக்கிறார். எவர் பெயரும் அங்கே பேசப்படாது. மேல் வீட்டுக் குடும்பங்கள் இரண்டையும் அழைத்துக்கொண்டு வருவதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.